எல்லோரும் சரி என்ற பசுமைக்குடில்

1

சனிக்கிழமை காலை. அபர்தீனில், என் மகள் தாரணி படிக்கும் பள்ளியின் தோட்டத்தில், தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எட்டடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பசுமைக்குடில். அலுமினியச் சட்டம், சுற்றிலும் பாலிகார்பனேட் ஷீட். ஷீட்டும் சட்டமும் சேருகிற இடுக்கில் வருடத்துக்கு இரண்டு முறை பாசி பிடித்துவிடும். துணிக்கு அசையாது, பிரஷ்தான் வேண்டும். வெளியே விழுவதை மழை என்றும் சொல்ல முடியவில்லை, மூடுபனி என்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் கடல் இந்த ஊரை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருக்கிறது, பத்தொன்பது வருடமாக. எனக்குத் தெரிந்து பத்தொன்பது வருடம். இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து அத்தனை ஆகிவிட்டது.

குடிலுக்குள் மட்டும் வேறு பருவம். கதவைச் சாத்தியவுடன் காது சூடாகிறது. மண் வாசம், தக்காளி இலையின் பச்சை நெடி. கண்ணை மூடினால் நான் பிறந்த பல்லடம் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பல்லடத்தைப் பார்த்ததால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2

இந்தக் குடிலைத் தேர்ந்தெடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. எட்டுக்குப் பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு மாதம். அந்த நாட்களில் எனக்குத் தலைமயிர் நரைத்தது நிஜம்.

நான் இங்கே குடிநீர் வாரியத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். கோயம்புத்தூர்க்காரிக்குப் பம்பு தவிர வேறென்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தண்ணீர் வடிகால் வரைந்து தரச் சொல்லிப் பெற்றோர் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே என் வரைபடத்தை ஃபெர்கஸ் என்ற பெரியவர் திருப்பித் தள்ளினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பேரனுக்காகக் குழுவில் இருந்தார். இது எனக்குப் பிடிக்கவில்லை என்றார். எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். எல்லாமே என்றார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

கண்ணாடி வைத்தால் பந்து பட்டு உடையும் என்றார் ஒருவர். ஷீட் வைத்தால் மஞ்சளாகிவிடும் என்றார் இன்னொருவர். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குக் கதவு அகலம் போதாது. உடற்பயிற்சிக் கூடத்தின் நிழல் பிப்ரவரியில் எங்கே விழும்? விடுமுறையில் கூரைச் சன்னலை யார் திறப்பார்கள்? நகரசபை தன் பங்குக்கு ஒன்பது பக்கப் படிவம் அனுப்பியது. பிள்ளைகள் தொட்டியில் தடுக்கி விழும் வாய்ப்பை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடச் சொன்னது. நான் இரண்டு என்று போட்டேன். ஏன் இரண்டு என்று ஒரு கடிதம் வந்தது.

ஒருநாள் காரில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நல்ல காரியத்துக்கு இத்தனை முட்டுக்கட்டையா, இந்த ஜனங்களுக்கு மனசு என்று ஒன்று உண்டா என்று ஸ்டியரிங்கிடம் கேட்டேன். கடைசியில் குறுகிய பக்கம் கடற்காற்றைப் பார்க்க, சூட்டுக்குத் தானே திறந்து மூடும் சன்னலோடு, செங்கல் அடித்தளத்தின் மேல் இந்தக் குடில் எழும்பியது. மூன்று குளிர்காலம் தாண்டி நிற்கிறது. ஃபெர்கஸுக்கு இன்னமும் பிடிக்கவில்லை.

3

இதே மாதிரி ஒன்றை நான் படித்த பள்ளிக்கும் கட்டித் தரலாமே என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள்.

பல்லடத்துக்குத் தெற்கே, சாலையின் ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தமும் மறுபக்கம் கோழிப்பண்ணைகளுமாக இருக்கும் ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளி அது. அங்கே சிவகாமி அறிவியல் ஆசிரியை. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். வருடந்தோறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் காய்கறித் தோட்டம் போடுகிறாள். தக்காளி, கத்திரி, மிளகாய். சத்துணவுக்குப் போனது போக மிச்சத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அவளுக்கு போன் போட்டேன். பசுமைக்குடில் என்றேன், அபர்தீன் குடிலின் படங்களைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன்.

ஏதோ சொல்ல வந்தாள். நான் அளவு, கதவு, சன்னல் என்று போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் அவள், ரொம்ப சந்தோசமுங்க்கா, என்றாள்.

ஆறு நிமிடம். பதினான்கு மாதம் எங்கே, ஆறு நிமிடம் எங்கே. தலைமையாசிரியர் போனை வாங்கி, எங்க பள்ளிக்குக் கெடைச்ச பாக்கியமுங்க மேடம் என்றார். பள்ளி மேலாண்மைக் குழு ஒரே உட்காரலில் தீர்மானம் போட்டது. வட்டார அலுவலகத்தில் மட்டும் ஒரு சிக்கல்: இது கட்டடமா, தளவாடமா? கட்டடம் என்றால் பொறியாளர் சான்று வேண்டும். தலைமையாசிரியர் மிக நயமாக, நகர்த்தக்கூடிய தளவாடம் என்று எழுதி அனுப்பினார். ஆகவே அரசுப் பதிவேட்டில் என் பசுமைக்குடில் பெஞ்சு, நாற்காலி வரிசையில் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்கள்தான் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஃபெர்கஸிடமே சொல்லிக் காட்டினேன். தாரணியிடம் சொன்னபோது அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பதினாறு வயது, காபிக் கடையில் பகுதி நேர வேலை, இந்த முறை ஊருக்கு வர முடியாதென்று முன்பே சொல்லிவிட்டாள். போன முறையும் வரவில்லை. நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. அவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவங்க எதுவும் கேட்கலை, நான்தான் தர்றேன் என்றேன். ஓகே என்றாள். அந்த ஓகேயில் எனக்குப் பிடிக்காத ஏதோ இருந்தது. இப்படித்தான் ஆகிவிட்டது, என் பெண்ணின் ஒரு சொல்லைக்கூடச் சந்தேகிக்காமல் வாங்கிக்கொள்ள முடிவதில்லை.

4

என் அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். நான் ஐந்தாவது படிக்கும்போது ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். முட்டையைத் தானாகப் பொறுக்கி வரிசையில் அடுக்கும் இயந்திரம் விற்பவர். அப்பாவுக்கு அந்த இயந்திரம் வேண்டாம். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கோழிகளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அப்பா அவரை உட்காரவைத்து விளக்கப்படத்தை முழுக்கப் பார்த்தார். பிரமாதமுங்க என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். செஞ்சறலாமுங்க, ஆடி போகட்டும் என்றார்.

ஆடி போய் அவர் வந்தார். மறுபடி சாப்பாடு. தீபாவளி போய் வந்தார். பணியாரம். நாலாவது தடவை வந்தபோது இயந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை, கையில் பலகாரப் பொட்டலம் இருந்தது. பின்னாளில் என் அக்கா கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார்.

வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு மூன்று பயணம் மிச்சமாகியிருக்குமே என்று அம்மாவிடம் கேட்டேன். ஊட்டுக்கு வந்தவங்க மொகத்தை வாட வெக்கறதா, என்ன பேச்சு பேசறே, என்று அம்மா என்னைத்தான் வைதாள்.

5

ஜூலை கடைசியில் ஊருக்குப் போனேன். இங்கே பள்ளிக்குக் கோடை விடுமுறை, அங்கே ஆடி. தம்பி வீடு சரவணம்பட்டியில். பன்னிரண்டாம் மாடியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்களாகத் தெரிகிறது, ஒவ்வொன்றும் உள்ளே ஏசி போட்டுத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் பள்ளியின் பெயரைச் சொன்னதும், நீங்க எந்த ஊருங்க என்று கேட்டார். இந்த ஊர்தான் என்றேன். அப்படீங்களா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, போகும் வழியெல்லாம் எனக்குப் பல்லடத்தைச் சுற்றிக் காட்டினார்.

குடிலைச் செய்தவர் ஜாபர் பாய். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் பட்டறை. அறுபது வயதிருக்கும். பல்லடம் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கோழிக் கொட்டகைகளுக்குக் கூரை மாட்டியவர். நான் அளவுகளைக் காட்டினேன். பத்தடிக்குப் பதினைந்து, நான்கு பக்கமும் கூரையும் ஷீட், ஒரு கதவு, மேலே ஒரு சன்னல். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கதவு எப்பவும் சாத்தியே இருக்குமுங்களா அம்மணி?"

ஆமாம் பாய், சாத்தி வைத்தால்தான் உள்ளே சூடு நிற்கும் என்று விளக்கினேன். அவருக்கு. கோயம்புத்தூரில். சூடு எப்படி நிற்கும் என்பதை.

அவர் தாளை மடித்து வைத்தார். அப்புறம் பக்கத்துக் கடைக்கு டீ சொன்னார். டீ வந்தது, குடித்தோம், பிரமாதமா பண்ணிப்போடலாமுங்க என்றார். நானும் பிரமாதம் என்று எழுந்து வந்தேன்.

வேலை அழகாக நடந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், வெல்டிங் இழைத்த மாதிரி. ஒன்று மட்டும் விநோதமாகப் பட்டது. ஷீட்டுகளை ரிவெட் அடிக்காமல், கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய நட்டுகளால் மாட்டிக்கொண்டிருந்தார். ஏன் பாய் என்றேன். பின்னால தொடைக்கறதுக்குக் கழட்டி மாட்டத் தோதா இருக்குமுங்க என்றார். அடடா என்று நினைத்தேன். நாங்கள் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சுரண்டுகிறோம், இவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார். அந்த நட்டைப் படமெடுத்து ஃபெர்கஸுக்கு அனுப்பினேன்.

6

திறப்பு விழா நன்றாகத்தான் நடந்தது. குத்துவிளக்கு, ரோஜா மாலை, தலைமையாசிரியரின் உரையில் நான் நான்கு முறை கல்வி வள்ளலானேன். ஆறாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பி ஒவ்வொருவரும் நாற்றுப் போட்டிருந்தார்கள். ஐஸ்குச்சியில் பெயர் எழுதி அவரவர் நாற்றுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தார்கள். தட்டுகள் அதுவரை சத்துணவுக்கூடத்துச் சுவரோரம் இருந்தன. ஆடி மாதத்துக் காற்றை நீங்கள் அறிவீர்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து கணவாய் வழியே வந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, காயப்போட்ட துணியைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய்ப் போடும். நாற்றுக்கு அது ஆகாது. இன்னும் பத்து நாளில் நடவேண்டிய நாற்றுகள். போன வருடம் முக்கால்வாசி காற்றிலும் வெயிலிலும் போயிற்று, பிள்ளைகள் அழுதார்கள் என்று சிவகாமி சொல்லியிருந்தாள்.

இனி அழவேண்டாம் என்று மைக்கில் சொன்னேன். தட்டுகளை என் கையாலேயே குடிலுக்குள் எடுத்துப் போய் அடுக்கினேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கைதட்டினார்கள்.

அன்று மாலை விடைபெற்றுக்கொண்டேன். மறுநாள் விமானம். ஆனால் விமானம் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. விமான நிலையத்தில் நின்று சத்தம் போட்டு, மன்னிப்புக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குத் திரும்பினேன். இரண்டு நாள் சும்மா கிடந்தேன். மூன்றாம் நாள் மாலை விமானம். காலையில், போகிற போக்கில் என் குடிலை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று பஸ் ஏறினேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மாலை வாங்குவார்கள்.

பள்ளி கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன்.

குடிலின் தென்புறச் சுவர் இல்லை. ஷீட்டுகள் வேப்பமரத்தில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜாபர் பாய் ஏணிமேல் நின்று கூரையின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். சிவகாமி கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பச்சை நிழல்வலை ஒரு சுருள், குடிலின் அளவுக்கே வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கண்ணி வைத்தது. நேற்று வாங்கியதில்லை. இப்படித் தைக்க ஒரு வாரமாவது ஆகும். அதாவது நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே இது எங்கோ தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

தட்டுகள் ஏணிக்கடியில் தரையில் இருந்தன. சனி, ஞாயிறு பூட்டிய பள்ளியில், மூடிய குடிலுக்குள் கிடந்த நாற்றுகள் குனிந்திருந்தன. சில நிமிரவே போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வெந்த கீரையின் நிறம். பெயர்க்குச்சிகள் மட்டும் நேராக நின்றன.

7

இதற்குப் பிறகு நடந்ததை நான் இங்கே யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. நீங்கள் நம்புவீர்கள்.

சிவகாமி என்னைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே மலர்ந்தது. வாங்க்கா, பிளேன் போகலீங்களா, சாப்பிட்டீங்களா என்றாள். பாய் ஏணியிலிருந்து வணக்கம் சொன்னார். சொல்லிக்கொண்டே, கழற்றியிருந்த நட்டை மறுபடி மாட்டத் தொடங்கினார்.

"தொடைக்கறதுக்குக் கழட்டினோமுங்க அம்மணி."

நாலு நாள் ஆன ஷீட்டை. பாய், மாட்டாதீங்க, கழட்டினது கழட்டினபடி இருக்கட்டும் என்றேன். அட இருக்கட்டுமுங்க, அழகாத்தான இருக்குது, என்றவர் இறங்கிப் போய் வேப்பமரத்திலிருந்து ஒரு ஷீட்டை எடுத்துவந்து தென்புறத்தில் பொருத்தினார். சிவகாமி என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து ஒரு தட்டை எடுத்தாள். அந்த வதங்கிய நாற்றுகளை, தன் பிள்ளைகளின் பெயர் குத்திய நாற்றுகளை, குடிலுக்குள்ளே கொண்டுபோகத் திரும்பினாள்.

வழியை மறித்தேன். சிவகாமி, இது இங்கே ஒத்துவராதா? அதெல்லாம் இல்லீங்க்கா. உள்ளே வெந்து போகுது, அப்படித்தானே? சித்தெ சூடாகுதுங்க, பழகிரும். உனக்கு வலைதான் வேணும், இல்லையா? வலை சும்மா, வெயிலுக்கு மேல போடலாம்னு. நான் செஞ்சது தப்புன்னு ஒரு தடவை சொல்லிடேன். தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, எவ்வளவு ஆசையாச் செஞ்சீங்க.

பதினான்கு மாதம் என்னை எதிர்த்த கூட்டத்தை நினைத்தேன். பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று சொன்ன கிழவரை நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் பேரில் எனக்குக் கண்ணீர் வரும் அளவு பிரியம் பொங்கியது. சுவரோடு சண்டை போடலாம். மெத்தையோடு எப்படிப் போடுவது? குத்துகிற இடமெல்லாம் உள்வாங்கிக்கொண்டு, கையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. நான் ஊரில் இருக்கும்வரை அந்த ஷீட் இறங்காது. நாற்று செத்தாலும் இறங்காது. நான் விமானம் ஏறினால்தான் இந்தத் தோட்டத்துக்கு உயிர். என்னைப் போல் ஒருத்தி ஊருக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, கிளம்பிப் போவது.

அது பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். நானே கழற்றுகிறேன் என்று கூரை ஷீட்டின் நட்டுகளைத் திருகினேன். பம்பு கழற்றிய கைதான். ஆனால் பம்புக்குக் காற்றடிக்காது. காற்று வருகிற பக்கத்து நட்டுகளைத்தான் முதலில் எடுத்தேன். நாலாவது நட்டு கையோடு வந்ததும் ஷீட்டுக்கு உயிர் வந்துவிட்டது. படாரென்று எழும்பி, என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி ஆடி, மறுபக்கத்து நட்டையும் பிய்த்துக்கொண்டு சரிந்தது. கீழே இருந்த தட்டுகளின் ஓரத்தில் விழுந்தது. ஒரு தட்டு கவிழ்ந்தது. நார்க்கழிவும் நாற்றும் குச்சிகளுமாகத் தரையில் சிதறின.

"யா அல்லா. கீழ எறங்குங்கம்மா மொதல்ல," என்றார் பாய். அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. "காத்துப் பக்கம் எவனாச்சும் மொதல்ல கழட்டுவானா? தலைய சீவியிருக்கும். இதுக்குத்தான் நட்டு போட்டனா நான்?"

இறங்கினேன். சிவகாமி சிதறிய நாற்றுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு குச்சியை எடுத்தாள், பெயரைப் படித்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் மலர்ச்சி எதுவும் மிச்சமில்லை.

"போதுமுங்க்கா," என்றாள். "மூணு வருசமா நான் ஒரு வலை கேட்டுட்டு இருக்கறேன். ஆபீசுல கேட்டேன், மில்லுக்காரங்களைக் கேட்டேன். கடைசில பாய்தான் உங்க அளவைப் பாத்துட்டு அவரே தெச்சுக் குடுத்தாரு. நீங்க போன் பண்ணுனப்ப மொத வார்த்தையே அதுதான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க படத்தை அனுப்பிச்சுப்போட்டீங்க. உங்க ஊர்ல வெயிலைப் புடிச்சு வெக்கோணும், சரி. எங்களுக்கு அதைத் தொரத்தோணுமுங்க. ஆறாங் கிளாஸ் புள்ளை சொல்லும் இதை. நீங்க இங்கதான பொறந்தீங்க?"

உங்க ஊர் என்றாள். திருத்தப் போனவள் வேறொன்றைத்தான் கேட்டேன்.

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எங்கீங்க சொல்றது? ஒறம்பரையா ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட, கொண்டாந்த பலகாரம் நல்லாயில்லைன்னா சொல்ல முடியும்? நீங்க கேக்கறாப்பல கேட்டா சரிங்கறதைத் தவிர வேற பதிலே இல்லீங்க. கதவு எந்தப் பக்கம் வெக்கட்டும்னு கேட்டீங்க. வேணுமா வேண்டாமான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. அணை மதகைத் திறந்த மாதிரி வந்தது. நான் முன்பு அனுப்பிய இரண்டு பெட்டி ஆங்கிலக் கதைப் புத்தகங்கள்: எல்லாக் கதையிலும் பனி பெய்கிறது, பிள்ளைகள் பனி என்றால் மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறார்கள். போன முறை காலாண்டுத் தேர்வு அன்று வந்து, வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேனாம். யாரும் தடுக்கவில்லை, ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வு மறுநாளைக்குப் போயிற்று. திறப்பு விழா மாலைகளுக்கு ரோஜாப் பூ பிடிக்காது செண்பகம்தான் வேண்டும் என்று நான் சொன்னதற்குத் தலைமையாசிரியரே திருப்பூர் வரை போய் அலைந்து, கிடைக்காமல், ரோஜாவையே வாங்கி வந்து இரண்டு நாள் வருத்தப்பட்டாராம். மைக்கில், இனி அழவேண்டாம் என்று நான் சொன்னபோது பிள்ளைகள் பின்வரிசையில் சிரித்தார்களாம்.

பாய் எதையும் கேட்காதவர் போல வலைச் சுருளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தில் இருந்த கொக்கியில் வலையின் கண்ணியை மாட்டினார். காற்று வலையின் வழியாகப் பாதி வேகத்தில் உள்ளே போய் வெளியே வந்தது. பச்சை நிழல் தரையில் விழுந்தது. நான் இரண்டாம் தட்டை எடுத்து அந்த நிழலில் வைத்தேன். அங்க வேண்டாம், வெயில் சாஞ்சா மேல விழும், அக்கட்டால வைங்க என்றார் பாய். தள்ளி வைத்தேன்.

மணி அடித்தது. சிவகாமி நிறுத்தினாள். சேலையில் ஒட்டிய நார்க்கழிவைத் தட்டினாள்.

"ஏழாங் கிளாசுங்க இப்ப," என்றாள். "இங்கயே இருங்க. பாடம் முடிச்சுட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன்."

போய்விட்டாள். வாங்க்கா, போங்க்கா, சாப்பிட்டீங்களா எதுவும் இல்லை. மூன்று மணிக்கு நான் விமான நிலையத்தில் இருக்கவேண்டும், இப்போதே ஒன்றரை. கவிழ்ந்த தட்டின் முன் உட்கார்ந்து, எந்தக் குச்சி எந்த நாற்றுக்கு என்று தெரியாமல், ஒவ்வொன்றாகக் குழியில் திருப்பி நட்டுக்கொண்டிருந்தேன். தம்பி இரண்டு முறை போனில் அழைத்தான். பாடவேளை நாற்பது நிமிடம். நான் எழுந்திருக்கவில்லை.